திருநெல்வேலியிலிருந்து லண்டன் 8,400 கிலோமீட்டர்: தூரம் மாறாதிருக்க, பறக்கும் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

திருநெல்வேலிக்கும் லண்டனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர் என்றும் விமானத்தில் ஒன்பதேகால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதல் என்றும் உடனே விடை வரும். அதே பயணத்துக்குச் சீட்டு விற்கும் தளத்தைத் திறந்தால் 15 மணி, 19 மணி, 24 மணி என்று வெவ்வேறு எண்கள் தெரிகின்றன. போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறைவாக இருக்கிறது. இதற்கிடையே, ஏதோ ஒரு நாடு தன் வான்வெளியை மூடிவிட்டதால் விமானங்கள் சுற்றிப் போகின்றன என்ற செய்தி வந்தால் குழப்பம் முற்றிவிடுகிறது. மகனையோ மகளையோ மேற்படிப்புக்கு அனுப்பும் பாளையங்கோட்டைக் குடும்பங்களுக்கும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உறவுகளை வைத்திருக்கும் மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் குடும்பங்களுக்கும் இந்த எண்கள் வெறும் பொது அறிவு அல்ல. விடுப்பையும் செலவையும் நிர்ணயிக்கும் எண்கள். அவை ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

இரண்டு ஊர்களுக்கு இடையே குறைந்தது மூன்று தூரங்கள் உண்டு. அவற்றைக் கலந்துவிடுவதுதான் குழப்பத்தின் முதல் வேர்.

1. பெருவட்டத் தூரம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் இது. உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர்; அந்த வட்டத்தின் ஒரு வில்தான் இந்தக் குறுக்குவழி. இணையத்தளங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

2. பறக்கும் பாதையின் தூரம். விமானம் உண்மையில் கடந்து செல்லும் நீளம் இது. வான்வழித் தடங்கள், தவிர்க்க வேண்டிய பகுதிகள், காற்றின் போக்கு, இறங்கும் ஓடுபாதையின் திசை ஆகியவற்றால் இது பெருவட்டத் தூரத்தைவிட எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும்.

3. பயணியின் தூரம். வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம், அங்கிருந்து இடைநிற்கும் ஊர், பிறகு சேரும் ஊர் என்று எல்லாவற்றையும் கூட்டினால் வருவது.

பெருவட்டத் தூரத்தைக் கணக்கிட இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். திருநெல்வேலி வடக்கு அட்சம் 8.73 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 77.70 பாகையிலும் இருக்கிறது. லண்டன் வடக்கு 51.5 பாகையில், சுழியத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் 75.6 பாகை. மேற்பரப்பில் ஒரு பாகை என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. இதே எண் 5,220 மைல் என்றும் 4,540 கடல் மைல் என்றும் எழுதப்படலாம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகளும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள் என்பதால், எந்த அலகில் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு தளங்களை ஒப்பிடக் கூடாது.

வெவ்வேறு தளங்கள் சில பத்துக் கிலோமீட்டர் வித்தியாசம் காட்டுவதற்கு, பூமியைச் சரியான உருண்டையாகக் கொண்டார்களா, துருவங்களில் சற்றுத் தட்டையாகக் கொண்டார்களா என்பதும், ஊரின் எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்பதும் காரணம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் பெரிதாகக் கூடிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதில் 11 என்பது 0.17 விழுக்காடு. லண்டன் பயணத்தில் இதனால் கூடுவது வெறும் 14 அல்லது 15 கிலோமீட்டர்.

தட்டை வரைபடம் தரும் மயக்கம்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் திருநெல்வேலிக்கும் லண்டனுக்கும் ஓர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அது கத்தாரை ஒட்டிப் பாரசீக வளைகுடாவைக் கடந்து, சவூதி அரேபியாவுக்கும் ஈராக்குக்கும் மேலாகச் செல்லும். அந்தக் கோட்டின் வழியே உண்மையிலேயே பறந்தால் 8,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். பெருவட்டமோ வேறு வழியில் போகிறது: மலையாளக் கரையைத் தாண்டி, அரபிக்கடலின் குறுக்கே ஏறி, பாகிஸ்தானின் மக்ரான் கரையை குவாதர் அருகே தொட்டு, ஈரானைத் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நெடுகக் கடந்து, துருக்கியின் வடகிழக்கு மூலை, கருங்கடல், உக்ரைனின் தென்மேற்கு ஓரம், நடு ஐரோப்பா என்று சென்று லண்டனை அடைகிறது. வரைபடத்தில் வளைந்து தெரியும் இந்தப் பாதைதான் 200 கிலோமீட்டருக்கும் மேல் குறைவு. உலக உருண்டை ஒன்றின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது இந்த வழியில்தான் படியும்.

தூரம் கூடக் கூட இந்த வேறுபாடும் கூடும். பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே பெருவட்டம் வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் அவ்விரு நகரங்களை இணைக்கும் நேரடிச் சேவையை ஏர் இந்தியா தொடங்கியபோது, பெண் விமானிகளே இயக்கிய முதல் விமானம் வட துருவப் பகுதியைக் கடந்து வந்தது பலருக்கும் நினைவிருக்கும். தட்டை வரைபடத்தை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு, கர்நாடகத்துக்கு வர எதற்காக ஆர்க்டிக்கின் மேல் பறக்க வேண்டும் என்பது விளங்கவே விளங்காது.

விமானத்தின் வேகம் எது?

நேரத்தைக் காண, தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும். இங்கே இரண்டாவது குழப்பம் நுழைகிறது. விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தன்னைச் சுற்றியுள்ள காற்றை விமானம் எவ்வளவு வேகமாகக் கிழித்துச் செல்கிறது என்பது காற்றுவேகம். கீழே உள்ள நிலத்தை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பது தரைவேகம். இறக்கையைத் தாங்குவது முதலாவது; நம்மை ஊர் சேர்ப்பது இரண்டாவது.

காற்றுவேகம் பெரும்பாலும் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 56.5 பாகை செல்சியஸ். அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கிலோமீட்டர். நெடுந்தூரம் பறக்கும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற அகல உடல் விமானங்கள் இதில் 0.85 மடங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கின்றன. ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய ஜெட் விமானங்கள் 0.78 மடங்கில், மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிச் செல்கின்றன. வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கு நெடுங்காலம் வந்துகொண்டிருந்த ஏடிஆர் வகை விசிறி விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான்.

8,400 கிலோமீட்டரை 900 ஆல் வகுத்தால் 9 மணி 20 நிமிடம். இணையத்தில் தென்படும் "விமான நேரம்" என்பது பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தல்தான். சில தளங்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணியைக் கூட்டிக்கொள்கின்றன. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா, திருநெல்வேலியில் விமான நிலையம் இருக்கிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அது காற்றில்லாத ஒரு வானத்தில், தடையில்லாத ஒரு கோட்டில், நடுவழியில் தொடங்கி நடுவழியில் முடியும் பயணத்தின் நேரம்.

காற்றுதான் பெரிய கணக்கு

மேல்வானத்தில் குறுகலான, மிக வேகமான காற்றாறுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. இவற்றை ஜெட் காற்றோட்டம் என்கிறோம். 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஒய்ஷி, பலூன்களைப் பறக்கவிட்டு இவற்றை முறையாக அளந்தார். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் ஈரானுக்கும் மேலே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் துணைவெப்பமண்டல ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுதான். ஐரோப்பாவுக்குப் போகும் விமானம் இதை எதிர்த்துச் செல்கிறது. திரும்பும் விமானத்தை இதுவே தள்ளிக்கொண்டு வருகிறது.

எண்களில் பார்ப்போம். வழியெங்கும் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து காற்று வீசுவதாக வைத்துக்கொண்டால்:

1. போகும்போது தரைவேகம் 900-லிருந்து 800 ஆகக் குறையும். 8,400 கிலோமீட்டருக்கு 10 மணி 30 நிமிடம்.
2. வரும்போது தரைவேகம் 1,000 ஆகும். நேரம் 8 மணி 24 நிமிடம்.
3. காற்றே இல்லாவிட்டால் இரு வழியிலும் 9 மணி 20 நிமிடம்.

போகும்போது இழந்தது 70 நிமிடம்; வரும்போது கிடைத்தது 56 நிமிடம் மட்டுமே. போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது. எதிர்காற்றில் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றுக்குள்ளேயே அதிக நேரம் இருக்க நேரிடுகிறது. பின்காற்றில் விரைவாகச் செல்வதால் அதன் பயனை அனுபவிக்கும் நேரம் குறைகிறது. எனவே நிலையான காற்றில் போய்வரும் மொத்த நேரம், காற்றில்லாத நேரத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

பின்காற்றின் வலிமைக்கு நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில், புயல் காலத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அதன் தரைவேகம் மணிக்கு 1,280 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. தன்னைச் சுற்றிய காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் சென்றது.

நெல்லைச் சீமையில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, ராதாபுரம், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றுவதும், குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவதும் மேற்கிலிருந்து வரும் காற்று. ஆகவே அந்த மாதங்களில் வளைகுடாவுக்குப் போகும் விமானம் பலத்த எதிர்காற்றில் திணறும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, தரையில் வீசும் காற்றுக்கு எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடேறுவது இதற்கு முக்கியக் காரணம். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதை விரிவாக விளக்கினார். இதன் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், விமானங்கள் பறக்கும் 11, 12 கிலோமீட்டர் உயரத்திலும் கிழக்குக் காற்றே மேலோங்கும். அதனால் ஜூலையில் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குச் செல்லும் விமானத்துக்குக் காற்று சாதகமாகவும் அமையக்கூடும். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு விமான நேரத்தைக் கணிக்க முடியாது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் சும்மா மேலே நின்றாலே ஊர் அதன் கீழே வந்து சேரும் என்ற கருத்தும் பரவலாக இருக்கிறது. திருநெல்வேலி இருக்கும் அட்சரேகையில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர் என்பது உண்மையே. ஆனால் காற்று மண்டலமும், அதற்குள் இருக்கும் விமானமும், ஓடுபாதையும் அதே வேகத்தில் சேர்ந்தே சுழல்கின்றன. ஆகையால் அந்த வேகம் விமான நேரத்தில் நேரடியாகச் சேர்வதும் இல்லை, கழிவதும் இல்லை. ஜெட் காற்றோட்டங்கள் உருவாவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அந்த அளவில் மட்டுமே அது நம் பயண நேரத்தைத் தொடுகிறது.

சீட்டில் அச்சாகும் நேரம்

விமான நிறுவனம் அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. நிற்குமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரத்தைத்தான் அது குறிக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் நிற்குமிடத்துக்கு வருவது எல்லாம் இதற்குள் அடங்கும். லண்டன் ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை நகரைச் சுற்றி வட்டமடிப்பதும் வழக்கம்; அதற்கும் சேர்த்தே நிறுவனங்கள் சற்றுத் தாராளமாக நேரம் ஒதுக்குகின்றன. விமானம் அரை மணி முன்னதாக வந்து சேர்ந்துவிட்டது என்றால், பல நேரங்களில் அந்த ஒதுக்கீடு செலவாகவில்லை என்று பொருள்.

குறுகிய பயணங்களில் இந்த ஓரச் செலவு பெரும்பங்கு ஆகிவிடும். வாகைகுளத்திலிருந்து சென்னை 530 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் முழு வேகத்தில் அது 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய தூரம். ஆனால் ஏறவும் இறங்கவும் ஊர்ந்து செல்லவும் ஆகும் நேரம் சேர்ந்து ஒரு மணிக்கு மேல் ஆகிறது.

அடுத்தது கடிகாரம். சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் எழுதப்படுகின்றன. இரண்டையும் நேராகக் கழித்தால் கிடைப்பது பயண நேரம் அல்ல. இதை விளக்கத் திருநெல்வேலியைவிட நல்ல ஊர் அமையாது. இங்கிருந்து துபாய் ஏறத்தாழ 2,990 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,020 கிலோமீட்டர். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. தூரம் கிட்டத்தட்டச் சமம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியது. இரண்டுக்கும் நாலேகால் மணி நேரப் பறப்பு என்று வைத்துக்கொள்வோம். காலை 4.30-க்குப் புறப்பட்டால் துபாய்ச் சீட்டில் சேரும் நேரம் 7.15 என்றிருக்கும், பார்ப்பவருக்கு 2 மணி 45 நிமிடம்போலத் தோன்றும். சிங்கப்பூர்ச் சீட்டில் 11.15 என்றிருக்கும், 6 மணி 45 நிமிடம்போலத் தோன்றும். சிங்கப்பூர் துபாயைவிட இரு மடங்குக்கும் மேல் தொலைவு என்று இங்கே பலர் நம்புவதற்கு இந்தக் கழித்தல்தான் காரணமாக இருக்க வேண்டும்.

லண்டன் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் இந்தியாவுக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மணி நேரம். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். துபாயிலும் இந்தியாவிலும் இந்த மாற்றம் இல்லை. எனவே அதே விமானம், அதே பறக்கும் நேரத்தோடு, குளிர்காலச் சீட்டில் ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்வதுபோலத் தெரியலாம்.

வான்வெளி மூடப்பட்டால் என்ன ஆகிறது?

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்று 1944-இல் ஏற்பட்ட சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதியே சொல்கிறது. ஆகவே ஒரு நாடு தன் வானத்தை எல்லோருக்கும் மூடலாம். குறிப்பிட்ட நாட்டு விமானங்களுக்கு மட்டும் மூடலாம். இந்த இரண்டாவது வகையைச் செய்திகளில் பலர் கவனிப்பதில்லை. அதனால்தான் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நிறுவனங்களின் பயண நேரத்தில் பெரும் வேறுபாடு வருகிறது.

2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்த நாட்களில், பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. 2019-இலும் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை இவ்வாறு மூடப்பட்டிருந்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் குறுக்குவழி பாகிஸ்தானுக்கு மேலாகவே செல்கிறது. அதனால் இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடலுக்கு இறங்கிச் சுற்றிப் போக நேர்ந்தது. ஏர் இந்தியாவின் சில வட அமெரிக்க விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிச் சென்றன. தன்னிடமிருந்த விமானங்களால் அந்தச் சுற்றுவழியைக் கடக்க இயலாது என்பதால் இண்டிகோ நிறுவனம் தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை நிறுத்தியது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் துபாய்க்கும் தாமதமாகுமா என்று தென்கோடியில் இருப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போகும் வழி அரபிக்கடலுக்கு மேலாகச் சென்று ஓமான் பக்கமாக நுழைகிறது. அதில் பாகிஸ்தான் இல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் பெருவட்டமோ கட்ச் பகுதியைத் தாண்டியதும் சிந்து மாகாணத்துக்குள் நுழைகிறது. திருநெல்வேலியிலிருந்து அளக்கும் கோடு மக்ரான் கரையை மட்டும் உரசிச் செல்கிறது. ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே தள்ளி இருப்பதால் நமக்குக் கிடைக்கும் வசதி இது.

ஆனால் அந்தக் கோட்டின் மீதிப் பகுதி நமக்கும் கவலை தருவதே. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதையடுத்து ரஷ்யாவும் ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டபோது ஈரான், ஈராக் வானங்கள் மூடப்பட்டன. அதே மாதம் 23-ஆம் தேதி கத்தாரில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளம் தாக்கப்பட்ட இரவில் கத்தார், பஹ்ரைன், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் சில மணி நேரம் தத்தம் வானத்தை மூடின. நெல்லைச் சீமைக்கு இதுதான் உண்மையான பாதிப்பு. ஈரானும் ஈராக்கும் மூடினால் துபாயிலிருந்து லண்டன் போகும் விமானம் சவூதி அரேபியா, எகிப்து, மத்தியதரைக் கடல் என்று தெற்கே சுற்றுகிறது. நேரம் கூடும், பயணம் நடக்கும். துபாயோ தோகாவோ தானே மூடினால் பயணமே நின்றுவிடுகிறது.

இந்த மூடல்களை வெறும் அரசியல் பிடிவாதம் என்று ஒதுக்குவது சரியல்ல. 2014 ஜூலை 17-இல் கிழக்கு உக்ரைனுக்கு மேலே பறந்த மலேசிய விமானம் எம்ஹெச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 2020 ஜனவரி 8-இல் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானமும் ஏவுகணைக்கு இரையானது. போர் நடக்கும் நிலத்துக்கு மேலே பத்துக் கிலோமீட்டர் உயரமும் பாதுகாப்பு ஆகாது என்று முதலாவது காட்டியது. இரண்டு மணி நேரம் சுற்றிப் போவது அந்த விலையோடு ஒப்பிட்டால் சிறிது.

சுற்றிப் போவதன் செலவு நேரத்தோடு நிற்பதில்லை. கூடுதல் எரிபொருளை ஏற்றினால் விமானத்தின் எடை கூடும். அந்த எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் எரியும். எடை வரம்பைத் தொட்டுவிட்டால் பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும், அல்லது நடுவில் இறங்க வேண்டும். கட்டணம் ஏறுவதன் பின்னணியில் இதற்கும் பங்கு உண்டு.

இங்கிருந்து கிளம்புவோருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

திருநெல்வேலி நகருக்கு அருகிலுள்ள விமான நிலையம் வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம். நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1,350 மீட்டராக இருந்த அதன் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. ஏ320, ஏ321 வகை ஜெட் விமானங்கள் இறங்குவதற்கு இந்த நீளம் போதும். வெளிநாட்டுப் பயணத்துக்கு இம்மாவட்டத்தார் பெரிதும் நம்பியிருப்பது நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரத்தையும், நான்குவழிச் சாலையில் அதே அளவு தொலைவில் இருக்கும் மதுரையையும், தொலைவில் இருக்கும் சென்னையையும்தான். தென்காசி, கடையநல்லூர் பக்கத்தினருக்குச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியே திருவனந்தபுரம் செல்வது பழகிய பாதை.

லண்டனுக்கு எந்த வழி நல்லது என்பதைத் தூரத்தால் முதலில் சோதிக்கலாம்.

1. திருவனந்தபுரம் – துபாய் 2,950 கிலோமீட்டர். துபாய் – லண்டன் 5,500 கிலோமீட்டர். மொத்தம் 8,450. திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு நேர்வழியே 8,400 என்பதால், துபாயில் இறங்கி ஏறுவதால் கூடும் தூரம் 50 கிலோமீட்டர் அளவே.

2. வாகைகுளம் – சென்னை 530 கிலோமீட்டர்; சென்னை – லண்டன் 8,230 கிலோமீட்டர். மொத்தம் 8,760. சேர வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே போய்த் திரும்புவதால் 300 கிலோமீட்டருக்கு மேல் கூடுகிறது.

வளைகுடா வழியாகப் போவது சுற்று என்றும், சென்னை சென்று நேரடி விமானம் ஏறுவதுதான் குறுக்கு என்றும் நம் பக்கத்தில் உள்ள எண்ணம் தூரக் கணக்கில் நிற்காது. சென்னை வழியை விரும்புவதற்கு வேறு நியாயங்கள் இருக்கலாம்: சென்னையில் ஏறிவிட்டால் இடையில் ஒரு முறைகூட விமானம் மாறாமல் பத்தரை, பதினொரு மணி நேரத்தில் லண்டன் போய்ச் சேரலாம், முதியவர்களுக்கு அது ஆறுதல். வந்தே பாரத் ரயிலில் சென்னைக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், நெல்லை விரைவு ரயிலில் ஓர் இரவு என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுபவர் வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுவதே சரி. திருவனந்தபுரம் வழியில் சாலைப் பயணத்துக்கு நாலு மணி நேரம், நிலையத்தில் மூன்று மணி நேரம், துபாய் வரை நாலேகால் மணி நேரம், அங்கே காத்திருப்பு இரண்டு முதல் நாலு மணி நேரம், லண்டன் வரை ஏழரை மணி நேரம், இறங்கியபின் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம். கூட்டினால் 22 முதல் 24 மணி நேரம் வருகிறது. இணையம் முதலில் காட்டிய 9 மணி 20 நிமிடம் இதில் பாதிகூட இல்லை. இந்தக் கூட்டலில் காற்றால் மாறுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்; காத்திருப்பாலும் சாலையாலும் மாறுவது பல மணி நேரம். எனவே பறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் குறைவான விமானத்தைத் தேடுவதைவிட, இடைநிற்கும் ஊரில் காத்திருப்பு அளவாக அமையும் இணைப்பைத் தேடுவதுதான் பயன் தரும். மிகக் குறைந்த காத்திருப்பும் ஆபத்தே. முதல் விமானம் எதிர்காற்றாலோ நெரிசலாலோ ஒரு மணி நேரம் பிந்தினால் அடுத்தது போய்விடும்.

அப்போது சீட்டு எப்படி எடுக்கப்பட்டது என்பது முக்கியமாகிறது. எல்லாப் பகுதிகளும் ஒரே முன்பதிவில் இருந்தால், இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக விமான நிறுவனத்துடையது. விலை குறைவு என்று வாகைகுளம் – சென்னைக்கு ஒன்று, சென்னை – லண்டனுக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுத்திருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. பணம் பெரும்பாலும் திரும்பாது. தனிச் சீட்டுகளாக எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது; மாணவர்கள் முதன்முறை போகும்போது முதல் நாளே சென்னைக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. வளைகுடா வழியாகப் போகிறவர்கள், பதற்றமான நாட்களில், சேரும் ஊரின் நிலவரத்தை மட்டுமல்லாமல் இடைநிற்கும் ஊரின் வான்வெளி திறந்திருக்கிறதா என்பதையும், நாகர்கோவில் சாலையில் வண்டி ஏறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.